கினிப்பன்றிக்கு அரிப்பா? அலட்சியம் வேண்டாம்!

குழந்தைகள் ஆசையாகக் கேட்கிறார்களே என்று இப்போது பல வீடுகளில் கினிப்பன்றி வாங்கி வளர்க்கிறோம். பெயரில்தான் பன்றி, உண்மையில் எலி, அணில் மாதிரி கொறிக்கும் பிராணி. பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பக்கம். பரம சாது. ஆனால் அது விடாமல் சொறிந்துகொண்டால், 'சொறிதானே, தானாகப் போய்விடும்' என்று இருந்துவிடக் கூடாது.

பேனா, சொறிப்பூச்சியா?

காதோரம், கழுத்தோரம் முடியை விலக்கிப் பாருங்கள். வெளிறிய நிறத்தில் ஊர்ந்தால் அது பேன். முடியில் ஈறும் ஒட்டியிருக்கும். இந்தப் பேன் நம் தலைக்கு ஏறாது.

சொறிப்பூச்சி அப்படியல்ல. கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே குடியிருக்கும். தொடையிலும் முதுகிலும் முடி கொட்டும், தோல் தடிக்கும், சொறிந்து சொறிந்து புண்ணாகும். முற்றினால் அரிப்புத் தாங்காமல் வலிப்பு வந்தது போல் கை கால் இழுக்கும். சினையாக இருந்தால் குட்டி கலையவும் கூடும். தூக்கிக் கொஞ்சும் குழந்தையின் கையில் சிவப்பாகத் தடிக்கலாம். பிராணிக்குக் குணமானால் இதுவும் மறைந்துவிடும்.

மருந்து என்ன?

கால்நடை டாக்டர் தோலைச் சுரண்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பெரும்பாலும் 'ஐவர்மெக்டின்' தருவார். ஜப்பான் நாட்டு மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து இது. இதைக் கண்டுபிடித்த ஒமுரா, கேம்பெல் இருவருக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. முட்டைகளை இது கொல்லாது. அதனால் ஒரு ஊசியோடு நிறுத்தாமல், டாக்டர் சொல்கிறபடி 7 முதல் 14 நாள் இடைவெளியில் மறுபடியும் போட வேண்டும்.

நம் தருமபுரிப் பக்கம் ஆடு, மாடு இல்லாத வீடு குறைவு. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் பாட்டில் அலமாரியில் இருக்கிறதே என்று கை வைக்காதீர்கள்! அதில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து. 800 கிராம் எடையுள்ள கினிப்பன்றிக்கு வேண்டியது சுமார் 0.3 மில்லிகிராம்தான்; அதாவது ஒரு சொட்டுக்கும் குறைவு. அளவு மீறினால் உயிர் போய்விடும். மண்ணெண்ணெய், பினாயில் தடவுவதும் வேண்டாம், நக்கினால் விஷம். குழந்தைக்குக் கொடுத்து மிச்சமான அமாக்ஸிசிலின் போன்ற மருந்துகளும் இதன் குடலைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. கூண்டில் ஒன்றுக்கு வந்தாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்தே வைத்தியம் செய்யுங்கள்.

2. பழைய வைக்கோல், துணியை அப்புறப்படுத்தி, கூண்டை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே உள்ளே விடுங்கள்.

3. புதிதாக வாங்கியதை இரண்டு, மூன்று வாரம் தனியாக வையுங்கள்.

4. நம்மைப் போலவே இதன் உடம்பிலும் வைட்டமின் 'சி' உற்பத்தி ஆகாது. அது குறைந்தால் உடம்பு தளர்ந்து நோய்க்கு இடங்கொடுக்கும். தினமும் குடைமிளகாய், கொத்தமல்லித்தழை, சிறு துண்டு கொய்யா என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

5. தொட்ட பிறகு குழந்தைகளைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

வாரம் ஒருநாள் குழந்தைக்குத் தலை பார்ப்போம் அல்லவா? அப்போதே இதன் முடியையும் விலக்கிப் பார்த்துவிட்டால், நோய் முற்றும் முன்பே டாக்டரிடம் கொண்டுபோய்விடலாம்.