திருத்துவதா, புதிது வாங்குவதா?

கைக்கடிகாரம் நின்றுவிட்டால் கடிகாரக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதே நாம் சிறு வயது முதல் கண்ட வழக்கம். அவர் ஒரு கண்ணிலே பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, வில்லையும் பற்சக்கரங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுவி, ஊசிமுனையால் எண்ணெய் தொட்டு வைத்து, மீண்டும் பூட்டித் தருவார். தகப்பனாரின் கடிகாரம் மகனின் கையிலும், சில வீடுகளிலே பேரனின் கையிலும் ஓடியதென்றால் அது அந்தக் கடிகாரக்காரரின் கைத்திறனால் ஆனது. இன்றோ பலருடைய மணிக்கட்டிலே 'ஸ்மார்ட் வாட்ச்' எனப்படும் நவீன கடிகாரம் குடிபுகுந்துவிட்டது. அது உடைந்தால் செய்ய வேண்டியது யாது? இக்கேள்வி அண்மையிலே எமது குடும்பத்திலேயே எழுந்தது.

யாழ்ப்பாணத்தில் வசிக்கும் எமது தமக்கையாருக்கு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவருடைய மகன் மூன்று வருடங்களுக்கு முன்னர் அத்தகைய கடிகாரமொன்றை அனுப்பியிருந்தான். ஒரு நாட் காலையில் அது கிணற்றுக்கட்டில் விழுந்து முகக்கண்ணாடி வெடித்துவிட்டது. வெளிச்சம் தெரிகிறது, தொட்டால் அசைவில்லை. மகன் தொலைபேசியிலே, "அம்மா, உதை எறிஞ்சுபோட்டு விடுங்கோ. நான் புதிசு ஒண்டு அனுப்பிவிடுறன்" என்றான். தமக்கையாருக்கு மனம் ஒப்பவில்லை. "பிள்ளை முதற் சம்பளத்திலை வாங்கி அனுப்பினது, தம்பி. எப்பிடி எறியிறது?" என்று எம்மிடம் கேட்டார்.

உணர்ச்சி ஒருபுறம் இருக்க, வேறொரு காரணமும் இருந்தது. இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையை இரவு எட்டு மணிக்கு விழுங்கவேண்டுமென்று அக்கடிகாரம் நாள்தோறும் மணிக்கட்டிலே அதிர்ந்து நினைவூட்டி வந்தது. அது உடைந்து கிடந்த இரண்டு வாரங்களில் மூன்று இரவுகள் அவர் மாத்திரையை மறந்துவிட்டார். கைத்தொலைபேசியும் ஒலிக்கத்தான் செய்யும். ஆனால் அது அறையிலே கிடக்க, அவர் அடுக்களையிலே நிற்பார்.

நாம் அக்கடிகாரத்தை நகரிலுள்ள திருத்துநர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். கண்ணாடியை மாத்திரம் மாற்ற இயலாதா என்று வினவியபோது அவர் சிரித்தார். இவ்வகைக் கடிகாரங்களிற் பெரும்பாலானவற்றில் மேற்கண்ணாடியும், அதன் கீழே எழுத்துக்களைக் காட்டும் ஒளித்திரையும், தொடுகையை உணரும் படலமும் இடையிலே காற்றுப்புகாதவாறு ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று வெடித்தால் மூன்றையும் சேர்த்தே மாற்றவேண்டும். இதற்கு அவர் கூறிய தொகை, புதிய கடிகாரத்தின் விலையிற் பாதிக்குச் சற்றே குறைவு. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். பிறநாட்டிலிருந்து வரும் உதிரிப்பாகம் எதுவும் அதன் பின்னர் பழைய விலைக்குத் திரும்பவில்லை.

திரை ஒன்றுதானே பழுது, அதை மாற்றினால் முடிந்தது என்று எண்ணுவோரும் உளர். நாமும் அவ்வாறே எண்ணினோம். திருத்துநரோ பற்றரியைப் பற்றிக் கேட்டார். கைத்தொலைபேசியின் பற்றரி பொதுவாக 4000 முதல் 5000 மில்லியம்பியர் மணி கொள்ளளவுடையது. கடிகாரத்தினதோ பெரும்பாலும் 200 முதல் 600 வரையே. சிறிய பற்றரி விரைவிலே வெறுமையாகும். ஆகவே அதற்கு நாள்தோறும் மின்னேற்ற வேண்டியிருக்கும். லிதியம் அயன் பற்றரியோ எத்தனை முறை நிரம்பி வெறுமையாகிறதோ அத்தனைக்கு வலுவிழக்கும் இயல்புடையது. மூன்று வருடமென்றால் ஆயிரம் முறைக்கு மேல். தமக்கையாரின் கடிகாரம் விழுவதற்கு முன்னரே, காலையில் நிரப்பினால் மாலைக்குள் சோர்ந்துபோகும் நிலைக்கு வந்திருந்தது. திரையை மட்டும் மாற்றினால் அடுத்த வருடம் பற்றரிக்காக மறுபடியும் பிளக்கவேண்டி வரும்.

பிளப்பதென்பதும் இலேசான காரியமன்று. நீர் புகாதவாறு பசையாலும் இறப்பர் வளையத்தாலும் அடைத்த பெட்டி அது. 5 வளிமண்டல அழுத்தம் தாங்குமென்று முதுகிலே பொறித்திருப்பது, 50 மீற்றர் ஆழத்து அசையா நீரின் அழுத்தத்துக்கு ஈடு. ஆனால் அது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்குரிய வாக்கு. சூடாக்கிப் பசையை இளக்கி ஒருமுறை திறந்தபின், புதிய அடைப்பை இட்டு அழுத்தப் பரிசோதனை செய்யாவிடில் கிணற்றடிக்கு அதனைக் கட்டிக்கொண்டு செல்லலாகாது. இதனை வாய்திறந்து கூறும் திருத்துநர் நல்லவர் என்பது எமது கருத்து. எம்மவர் கூறினார்.

இனி, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆயுளும் இக்கடிகாரங்களுக்கு உண்டு. வில்லால் ஓடிய கடிகாரத்தை எவரும் தூரத்திலிருந்து முதுமையாக்கிவிட இயலாது. இதுவோ உள்ளிருக்கும் மென்பொருளால் உயிர்வாழ்வது. அம்மென்பொருளைச் செய்தவர் கைவிட்ட பின்னர், புதிய தொலைபேசியோடு அது இணங்காமற் போகும் காலம் வந்துவிடும். அப்பிள் நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் தனது முதற் கடிகாரத்தை 18 கரட் தங்கத்திலும் விற்றது. அதன் ஆரம்ப விலை 10,000 டொலர். 2018 ஆம் ஆண்டின் புதிய மென்பொருள் அதற்கு வழங்கப்படவில்லை. 2023 ஆம் ஆண்டில் அது வழக்கொழிந்த பொருட்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. தங்கம் தங்கமாகவே இருக்கிறது, கடிகாரம் முதுமையடைந்துவிட்டது. இதற்கு மாறான கதையும் உண்டு. பெபிள் என்னும் கடிகாரத்தைச் செய்த நிறுவனம் 2016 ஆம் ஆண்டு இறுதியில் மூடப்பட்டது. 2018 ஜூன் மாதத்தோடு அதன் இணையச் சேவைகளும் நின்றன. ஆயினும் அதனை நேசித்த தொண்டர்கள் ஒன்றுகூடித் தாமே மாற்றுச் சேவையை நடத்தி அக்கடிகாரங்களை ஓடச்செய்தனர். 2025 ஜனவரியில் அதன் மென்பொருளை கூகிள் நிறுவனம் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இத்தகைய பேறு எல்லாக் கடிகாரங்களுக்கும் வாய்ப்பதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்று, 2027 பெப்ரவரி முதல் சிறு கருவிகளின் பற்றரியைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றக்கூடியதாக இருத்தல் வேண்டுமென்கிறது. நீரிற் பயன்படுத்தவென்றே ஆக்கப்பட்ட கருவிகளுக்கு அதிலே விலக்குண்டு. அவற்றைத் தொழில் தெரிந்தவர் கழற்றினாற் போதும். கடிகாரம் செய்வோர் இவ்வாசலுக்குள்ளே நுழைந்துகொள்வார்களோ என்ற ஐயம் எமக்கு இருக்கிறது.

ஆகவே நாம் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் பார்த்தோம். புதிய கடிகாரத்தின் விலையை 100 எனக் கொண்டால், திரைக்கு 45, அதனோடு பற்றரிக்கும் அடைப்புக்கும் 10, மொத்தம் 55. அக்கடிகாரத்துக்கு இன்னும் இரண்டு வருட மென்பொருள் ஆயுள் எஞ்சியிருக்கலாம் என்றார் திருத்துநர். எனவே வருடமொன்றுக்கு இருபத்தேழரை. புதிது ஐந்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு 20. கணக்கின்படி மகன் சொன்னதே சரி. கடிகாரம் ஒரு வயதினதாய் இருந்திருப்பின் இதே கணக்குத் திருத்தும் பக்கமே சாய்ந்திருக்கும். வாரோ, மின்னேற்றும் முனையோ மட்டும் பழுதென்றால் கணக்கே வேண்டியதில்லை. வியர்வைப் படிவை உலர்ந்த துணியால் துடைத்ததும், பொத்தானை நெடுநேரம் அழுத்தியதும் உயிர்பெற்ற கடிகாரங்கள் பலவற்றைத் தாம் கண்டிருப்பதாக அத்திருத்துநர் கூறினார்.

தமக்கையார் தாளைப் பார்த்துவிட்டு, "இதிலை எனக்கு வேண்டியது என்ன? நேரமும், மாத்திரை ஞாபகமும், நல்லூருக்கு நடந்த அடிக்கணக்கும் தானே?" என்று கேட்டார். அம்மூன்றையும் செய்யும் எளிய கைப்பட்டியொன்று கடையிலே, புதிய கடிகாரத்தின் விலையில் மூன்றிலொன்றுக்கும் குறைந்த விலைக்குக் கிடைத்தது. நாம் கேட்கத் தவறிய கேள்வி அதுவே. மகனைக் கேளாமல் தமது ஓய்வூதியப் பணத்திலேயே அதை வாங்கினார்.

உடைந்ததை உதிரிப்பாகங்களுக்காகத் திருத்துநரிடமே கொடுத்துவிடலாமென்று நாம் கூறினோம். உலகில் 2022 ஆம் ஆண்டில் மட்டும் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாகவும், அதில் 22.3 வீதமே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. (கொடுப்போர் முன்னதாகத் தொலைபேசி வழியே தமது கணக்கை அதிலிருந்து நீக்கிவிடுதல் அவசியம், இன்றேல் சிலவகைக் கடிகாரங்கள் பூட்டுண்டு எவருக்கும் உதவாமற் போகும்.) தமக்கையார் இணங்கவில்லை. பழைய பற்றரி வீங்கி நெருப்புப் பற்றவுங் கூடும் என்பதால், அதை மட்டும் திருத்துநர் கழற்றி வைத்துக்கொண்டார். முதற் சம்பளத்துக் கடிகாரம் இப்பொழுது அலுமாரியிலே சேலைகளுக்கு இடையில் இருக்கிறது. எட்டு மணிக்குக் கைப்பட்டி அதிர்கிறது. தமக்கையார் அடுக்களையிலிருந்தபடியே தண்ணீர்ச் செம்பை எடுக்கிறார்.