மண்கும்பான் மணலும் ஒரு நெகற்றிவ்வும்

புகைப்படம் என்பார் உளர். ஒளிப்படம் என்பதே தக்கதென வாதிடும் பண்டிதரும் உளர். யான் நிழற்படம் என்னும் கட்சியைச் சேர்ந்தவன். கறுப்பு வெள்ளைச் சுருளில் வெயில் பட்ட இடம் கறுக்கும். நிழல் கிடந்த இடமே தெளிந்து நிற்கும். புகைக்கு அங்கே யாதொரு வேலையும் இல்லை.

1986இல், பள்ளி மாணவனாயிருந்த எனக்கு, மாமா தம் பழைய ஆக்பா கிளிக் கமராவைத் தந்தார். 120 சுருளில் பன்னிரண்டு படங்கள். பத்தடிக்கு அப்பால் நிற்பனவே அதிற் செவ்வையாகத் துலங்கும். மேலேயுள்ள சிறு சாளரத்திற் கண்ணை வைத்து விசையை அழுத்துவது ஒன்றே நம் தொழில். ஆயினும் கண் காண்பது அச்சாளரத்தால். படம் பிடிப்பதோ அதற்குக் கீழேயுள்ள வில்லை. தொலைவிலுள்ள பொருளில் இவ்விரண்டும் ஒத்துப்போகும். அண்மையிலோ, கண் காணும் மேல்விளிம்பை வில்லை காணாது.

இதனை அறியாத யான், மண்கும்பானில் எங்கள் வளவுக் கிணற்றடியில் ஆச்சியை நிறுத்தினேன். வெள்ளை மணலில் நண்பகல் வெயில். முகம் பெரிதாய் விழவேண்டுமென்று நாலடிக்குள் நெருங்கினேன்.

"திருநீறு தெரியுதோ மோனை?"

"வடிவாய்த் தெரியுதெணை ஆச்சி."

கழுவி வந்த படத்திற் புருவத்துக்கு மேலே ஒன்றுமில்லை. முகமும் கலங்கல். பின்னாலிருந்த மணல்மேடோ மணிமணியாய்த் துலங்கிற்று. ஆச்சி உற்றுப் பார்த்துவிட்டு, "நீ மேட்டையெல்லோ எடுத்திருக்கிறாய்" என்றார்.

1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுக்குள் வந்தபோது ஊரை விட்டோம். ஆச்சி பின்னர் வன்னியிற் காலமானார். வேறு படம் அவருக்கு இல்லை. கொழும்பின் நிழற்படக் கலைஞர் லயனல் வென்ட் 1944இல் மறைந்தபின், அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. அச்சிட்ட படங்கள் எஞ்சி 1950இல் நூலாயின. எங்கள் வீட்டில் மறுதலை. படங்கள் யாவும் போயின. தலையணையுறைக்குள், பிறப்புச் சான்றிதழ்களோடு அம்மா செருகி வந்த ஒரு நெகற்றிவ் துண்டு எஞ்சியது. ஒளி பட்ட வெள்ளியுப்பு கரும்வெள்ளியாய் நிலைக்க, எஞ்சிய உப்பை ஹைப்போ கரைத்துவிடும். அக்கரைக்கும் குணத்தை ஜோன் ஹேர்ஷல் 1819இற் கண்டறிந்தார். முப்பதாண்டு கடந்தும் ஆச்சி மங்காதிருப்பது அதனாலேயாகும்.

அண்மையில் அதே கமராவில் இல்போர்ட் சுருளை இட்டு (கறுப்பு வெள்ளைச் சுருள் இன்றும் செய்யப்படுகிறது என்றால் என் மாணவர் நம்புவதில்லை) மாணவர் இருவருடன் அக்கிணற்றடிக்குச் சென்றேன். இம்முறை பத்தடி அளந்து நின்றேன். கிணற்றுக்கட்டு இருந்தது. மேடு இருந்த இடத்தில், மணல் அள்ளிய பள்ளமும் புதரும்.

"சேர், இதிலை எதை எடுக்கிறியள்?" என்றான் ஒருவன்.

விடை சொல்லவில்லை, விசையை அழுத்தினேன். சுருளைக் கழுவி உலர்த்தியபின், இரண்டு நெகற்றிவ்களையும் அவர்கள் முன்னே யன்னல் வெளிச்சத்திற் பிடித்தேன். பழையதில், வெளிறிய ஆச்சியின் பின்னே மேடு கருமலையாய் எழுந்து நின்றது. புதியதில் அவ்விடம் வெறுங் கண்ணாடி.