மேப்பிளுக்குக் கம்பி கடைசி வேலை

போன்சாயை விட்டுவிட்டுப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறவர்களின் கை முதலில் கம்பிச் சுருளைத்தான் தேடும். நாலு கிளையை வளைத்துக் கட்டினால் செடிக்கு உடனே ஒரு மரத்தோற்றம் வந்துவிடும் என்ற ஆசை. பைனுக்கும் ஜூனிப்பருக்கும் அது சரி. இளம் ஜப்பானிய மேப்பிளுக்கு முதல் வேலை வேர், அடுத்தது அடிமரம். கிளையைப் பற்றிய யோசனையே அதற்குப் பிறகுதான்.

வேலை நெருக்கடியில் நானும் இந்தக் கலையை விட்டு விலகியிருந்தேன். தொட்டியிலிருந்து எடுத்து, லண்டன் வீட்டுக் கொல்லையில் நட்டுவைத்த மேப்பிள் கன்று அத்தனை காலமும் தன் போக்கில் வளர்ந்தது. விரல் தடிமனில் இருந்த தண்டு இப்போது மணிக்கட்டுப் பருமன். தொட்டியிலேயே வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது. வேர் ஓட இடமில்லாவிட்டால் இலை பெருகாது. இலை பெருகாவிட்டால் தண்டு பருக்காது. போன்சாய்ப் பண்ணைக்காரர்கள் வேண்டுமென்றே செய்வதும் இதைத்தான். கன்றை நிலத்தில் நட்டு, அடியில் ஒரு கிளையை மட்டும் கவாத்து செய்யாமல் ஆளுயரத்துக்கு ஓடவிடுவார்கள். தண்டு வேண்டிய அளவு பருத்ததும் அந்தக் கிளையை அறுத்து எறிவார்கள். பருமனைத் தருவதோடு அதன் பணி முடிந்தது.

மார்ச்சில், மொட்டு வீங்கி இன்னும் விரியாத நேரம் பார்த்துச் செடியைத் தோண்டினேன். மேப்பிளின் வேரில் கைவைக்க ஏற்ற பருவம் அதுதான். மண்ணைக் கழுவியபோது, நடுவில் தடித்த வேர் ஒன்று நேராகக் கீழே இறங்கியிருந்தது. ஒரு பக்கம் மூன்று நல்ல பக்கவேர்கள்; எதிர்ப்பக்கம் மெல்லிய சல்லிவேர்கள் மட்டும். கீழே போன வேரை ரம்பத்தால் அறுத்தேன். பக்கவேர்களைச் சுருக்கி நாலாபக்கமும் விரித்து, ஒரு தட்டைப் பலகையின் மேல் உட்காரவைத்து மண்ணிட்டேன். பலகை தடுப்பதால் வேர் ஆழத்துக்குப் போகாமல் பக்கவாட்டில் ஓடும். மண்ணைப் பிடித்தபடி அடிமரத்தைச் சுற்றிப் பரவும் இந்த வேர்த்தளத்தை ஜப்பானியர் நெபாரி என்கிறார்கள். மேப்பிளில் முதலில் கண் போவது அங்கேதான். கிளை போனால் இன்னொன்றை வளர்த்துக்கொள்ளலாம். வயதான மரத்தில் மோசமான நெபாரியைத் திருத்துவது பெரும்பாடு.

தோக்கியோவின் உவேனோவில் 1934இல் தொடங்கிய கொகுஃபு கண்காட்சி, போன்சாய் உலகின் மிகப் பெரிய மேடை. அது நடப்பது பிப்ரவரியில். மேப்பிள்கள் ஒரு இலைகூட இல்லாமல் அங்கே நிற்கும். இலையுதிர்காலச் சிவப்புக்காகத்தான் மேப்பிள் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் இலை மறைக்காதபோதுதான் அடி பருத்து நுனி சிறுக்கிறதா, வெட்டுக்காயம் ஆறியிருக்கிறதா, கிளை இரண்டிரண்டாகப் பிரிந்து மெலிகிறதா என்பது தெரியும். 

இனி வெட்டு. மேப்பிளில் இலைகள் எதிரெதிராக வரும். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு மொட்டு. எல்லாவற்றையும் கிளையாக விட்டால் அந்த இடம் வீங்கி முண்டாகிவிடும். ஆகவே தண்டில் ஒரு கணுவுக்கு ஒரு கிளைதான். இடப்பக்க மொட்டை வைப்பதா, வலப்பக்க மொட்டையா என்பதில்தான் மரத்தின் திசை அடங்கியிருக்கிறது. ஓடவிட்டு வெட்டுவது, அடுத்த தளிரை ஓடவிட்டு மறுபடி வெட்டுவது என்று வளர்க்கும் முறையைச் சீனாவின் குவாங்டாங் பகுதியில் லிங்னான் மரபினர் கலையாகவே வளர்த்தெடுத்தார்கள். மேப்பிளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது என் முடிவு. அதன் பட்டை மெல்லியது. வசந்தத்தில் கட்டிய கம்பி சில வாரங்களிலேயே பட்டையில் பதிந்துவிடும். தழும்பு ஆண்டுக்கணக்கில் மறையாது. கட்டியே ஆகவேண்டுமென்றால் மென்மையான அலுமினியக் கம்பி போதும். எடுக்கும்போது சுற்றைப் பிரிக்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுப்பது நல்லது.

நுனி கிள்ளுவது, கோடையில் இலைகளை உருவுவது எல்லாம் கிளை அமைந்த மரத்துக்கு. வளரும் கன்றில் செய்தால் அதன் பலத்தைத்தான் குறைக்கிறோம்.

சென்னை, மதுரை வெயிலில் மேப்பிள் நிலைக்காது. அதற்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். அங்கே ஆலும் இச்சியும் இருக்கின்றன. வேருக்கும் தண்டுக்கும் சொன்னதை அவற்றிலும் செய்யலாம். ஆலில் இலை மாறி மாறி வருவதால், எதிர்மொட்டுக் கணக்கு மட்டும் அதற்குப் பொருந்தாது.

என் மரத்தின் தண்டை இந்தக் கோடையில் வெட்டப் போவதில்லை. வேரை இவ்வளவு குறைத்த ஆண்டிலேயே தண்டிலும் கைவைத்தால் மரம் தாங்காது. உரம் போட்டு ஓடவிடப் போகிறேன். அடுத்த ஆண்டு ஜூனில் இலை முற்றியதும் அரையடிக்கும் கீழே அறுத்து, வெட்டுவாயில் பசை பூசுவேன். அதற்குக் கீழே கிளம்பும் தளிர்களில் ஒன்று புதிய தலையாகும்.