துறையும் வாயும்: கணிப்பொறி இணைப்பிடங்களின் பெயரும் குறியும்

கணிப்பொறியின் பக்கங்களில் வடங்களைச் செருகுதற்கு அமைந்த இடங்களைத் 'துறை' என வழங்குதல் இன்று பெருவழக்காக உள்ளது. ஆங்கிலப் 'போர்ட்' என்னும் சொல் கப்பல் அணையும் இடத்தையும் குறித்தலின் இவ்வழக்குத் தோன்றியது போலும். ஆயின் அவ்வொரு வடிவில் இலத்தீன் சொற்கள் இரண்டு வந்து கலந்துள்ளன. துறைமுகம் எனப் பொருள்படுவது ஒன்று. வாயில் எனப் பொருள்படுவது மற்றொன்று. கணிப்பொறியின் இணைப்பிடத்திற்குப் பொருந்துவது பின்னதே என்க.

இவ்வேறுபாட்டைக் கம்பம் பள்ளத்தாக்கின் பாசன வழக்கு நன்கு விளக்கும். ராயப்பன்பட்டியை அடுத்துச் சண்முகநதி நீர்த்தேக்கம் உள்ளது. பள்ளத்தாக்கின் நடுவே முல்லைப்பெரியாற்று நீர் பாய்கின்றது. இத்தகைய நிலங்களில் மக்கள் ஆற்றில் இறங்கும் இடமே துறை. நீர் வயலுட் புகும் திறப்பு மடை. மடையைத் துறை என்பார் யாண்டும் இலர். 'மடை' என்றே கணிப்பொறிக்கும் பெயரிடலாமோ எனின், அச்சொல் தெய்வத்திற்கிடும் படையலையும் குறிக்கும். அன்றியும் மடையில் நீர் ஒருவழியே செல்லும், இணைப்பிடத்திலோ செய்தி இருவழியும் செல்லும். வாய்க்கால் என்பதன் முதலில் நிற்கும் 'வாய்' இவ்விடர்ப்பாடு இல்லாதது. ஆதலின் 'செருகுவாய்' என்பதே தக்கது என்பது எம் கருத்து.

பெயரினும் பெரிய சிக்கல் குறிகளைப் பற்றியது. பழைய கணிப்பொறிகளில் வடிவமே பெரும்பாலும் தொழிலை உணர்த்திற்று. 1987-இல் வந்த வி.ஜி.ஏ. செருகுவாய் மூவரிசையில் பதினைந்து துளைகள் உடையது. காட்சித்திரைக்கன்றி வேறெதற்கும் அது பயன்படுவதில்லை. விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் உரிய வட்ட வாய்கள் வடிவால் ஒன்றாயிருந்தமையின், முன்னதற்கு ஊதாவும் பின்னதற்குப் பச்சையும் ஆகிய நிறங்கள் அவற்றை வேறுபடுத்தின.

1996-இல் வெளிவந்த யு.எஸ்.பி. முறையின் குறி நம்மவர் கண்ணுக்குச் சூலம் போல் தோன்றும். அதன் மூன்று முனைகளில் வட்டமும் முக்கோணமும் சதுரமும் உள்ளன; பல்வகைக் கருவிகள் ஒரே முறையில் இணையலாம் என்பதை அவை காட்டுவனவாகக் கொள்ளலாம். இம்முறையை வகுத்தோருள் இந்தியாவிற் பிறந்த அஜய் பட் ஒருவர். 2008-இல் விரைவு மிக்க மூன்றாம் பதிப்பு வந்தபொழுது, வாயின் உள்ளே நீலநிறமும் சூலத்தின் அருகே இரட்டை 'எஸ்' எழுத்தும் அடையாளங்களாயின.

2014-இல் வகுக்கப்பட்ட 'சி' வகை வாய் இவ்வொழுங்கை மாற்றிற்று. இருபத்துநான்கு முனைகளையுடைய அதனுள் செருகியை எப்புறமாகவும் செலுத்தலாம். ஒன்றில் செய்தி மட்டும் செல்லும். மற்றொன்றில் படமும் செல்லும். பிறிதொன்று மின்னாற்றலை 240 வாட்டு வரை கொண்டுசெல்லும். புறவடிவம் அனைத்திற்கும் ஒன்றே.

இஃது இலக்கண நூலார் கூறும் பலபொருள் ஒருசொல்லை ஒத்தது. 'மா' என்பது தனித்து நிற்பின் மரமோ விலங்கோ அறியோம். 'மா பூத்தது' எனின் மரம் என்பது தெளிவு. வினையும் இனமும் சார்பும் பொருளைத் தெளிவிக்கும் என்றார் தொல்காப்பியர். 'சி' வகை வாய்க்கு அருகிலுள்ள குறியே சார்பு. மின்னற்கோடு தண்டர்போல்ட்டையும், 'டி' எழுத்தினுள் 'பி' அமைந்த வடிவம் டிஸ்ப்ளேபோர்ட் வழிப் படம் செல்லுதலையும், மின்கல வடிவம் மின்னேற்றத்தையும் உணர்த்தும். உற்பத்தியாளர் பலர் குறியொன்றும் இடாது விடுகின்றனர். அவ்வாய் தனித்து நிற்கும் 'மா'வே.

தமிழ்நாட்டில் 2011-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபின் சிற்றூர் மாணவர் பலர் கைகளிற் கணிப்பொறி வந்தது. இன்று அத்தகைய மாணவன் ஒருவன், வகுப்பிற் படங்காட்ட விரும்பிச் 'சி' வகை வடமொன்றை வாங்கி வருகின்றான் எனக் கொள்வோம். வடம் வாயிற் பொருந்தும். திரையிற் படம் தோன்றாது. பொருந்துதல் வேறு, இயலுதல் வேறு என்பதைப் 'துறை' என்னும் ஒரு சொல்லால் அவனுக்கு யாங்ஙனம் விளக்குவது? வாயின் வடிவிற்கு ஒரு பெயரும், அதனூடே செல்வதற்கு ஒரு பெயரும் வேண்டும். முன்னதைச் 'செருகுவாய்' என்றும், பின்னதை 'ஒழுக்கு' என்றும் கூறலாம். ஆற்றொழுக்கு என்னும் வழக்கு உண்மையின் இது புதிதன்று.

துறை என்னும் சொல்லை அறவே விலக்க வேண்டுவதில்லை. வலையமைப்பில் செய்திகள் வந்தணையும் எண்ணிட்ட இடங்களும் 'போர்ட்' எனப்படும். 0 முதல் 65,535 வரை அவற்றிற்கு எண்கள் உள. வலைப்பக்கங்களுக்கு உரியது 80. மறையாக்கம் பெற்று வருவனவற்றிற்கு உரியது 443. கண்ணாற் காணும் புழையும் கையாற் செருகும் வடமும் அங்கில்லை. கலங்கள் தத்தமக்குரிய கரையை நாடுமாறு போலச் செய்திகள் எண்ணறிந்து சென்று சேர்கின்றன. அவற்றிற்குத் துறை என்னும் பெயர் மிகப் பொருந்தும்.