கை அசைந்தால் ஒலிக்கும் காப்பு

கண் தெரியாதவர்களுக்குக் காது கூர்மை என்பார்கள். பாதிதான் உண்மை. இத்தாலியின் ஜெனோவா நகரில் மோனிகா கோரி குழுவினர் ஒரு சோதனை வைத்தார்கள். வரிசையாக ஸ்பீக்கர்கள், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஒலிகள். முதலாவது ஒரு கோடியில், மூன்றாவது மறுகோடியில். நடுவே கேட்டது எந்தக் கோடிக்குப் பக்கம்? கண்ணைக் கட்டிக்கொண்டவர்கள் சுலபமாகச் சொன்னார்கள். பிறவியிலேயே பார்வையற்ற பெரியவர்கள் திணறினார்கள். வேறு சில கேள்திறன் சோதனைகளில் அவர்கள் சளைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வு 2014இல் வெளியானது.

கிலுகிலுப்பையை ஆட்டும் குழந்தை, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே கேட்கிறது. காது போடும் கணக்கைக் கண் திருத்துகிறது. பார்வை இல்லையென்றால் திருத்த யார்?

கையே திருத்தட்டும் என்றது அந்தக் குழு. அப்படிப் பிறந்ததுதான் ‘அப்பி’ என்ற காப்பு. மணிக்கட்டில் கட்டிவிட்டால் கை அசையும்போது ஒலிக்கும், நின்றால் அடங்கும். நம் வீட்டில் குழந்தைக்குக் கொலுசு போடுவது அது எங்கே போகிறது என்று தாய்க்குத் தெரிய. இங்கே சத்தம் குழந்தைக்கே: தன் கை எங்கே போகிறது என்று அதன் காது கற்றுக்கொள்ளும். அடுத்தவர் கையில் கட்டினால் அவர் நடமாட்டமும் தெரியும்.

பலன் உண்டா? பார்வைக் குறைபாடுள்ள, 6 முதல் 17 வயது வரையிலான 44 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் காப்போடு 12 வாரம் விளையாட்டுப் பயிற்சி. மற்றதற்கு வழக்கமான மறுவாழ்வுப் பயிற்சி. முன்னும் பின்னும் ஒரே சோதனைகள். காப்புப் பிரிவில் இடமறியும் திறன் கூடியது, மற்றதில் கூடவில்லை. 2019இல் முடிவு வெளியானது. இரண்டாவது பிரிவு இல்லாமல் போயிருந்தால், பிள்ளைகள் சோதனைக்குப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான் என்று தள்ளிவிடலாம்.

இதற்கு முன்னோடியும் உண்டு. நியூசிலாந்தின் லெஸ்லி கே மீயொலியை அனுப்பி, எதிரொலியைக் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றும் கருவி செய்தார். 1970களில் அதைப் பார்வையற்ற கைக்குழந்தைக்கே மாட்டிப் பார்த்தார்கள். தூரம் ஒலியின் சுருதியில், பருமன் ஒலியின் அளவில். என்னைக் கேட்டால் பிஞ்சுக் காதுக்கு இது அதிகச் சுமை. பெரியவர்களுக்கென்று செய்ததைச் சிறிதாக்கிக் கொடுத்தால் குழந்தைக் கருவி ஆகிவிடாது. காப்பின் பலம் அது ஒரே ஒரு செய்தி சொல்வதில் இருக்கிறது.

44 பேர் சிறிய எண்தான். ஆனாலும் உங்கள் பிள்ளைக்கென்று யாராவது புதுக் கருவி கொண்டுவந்தால் விலைக்கு முன் இதைக் கேளுங்கள்: எந்த வயதுக் குழந்தைகளிடம், எத்தனை வாரம், எதோடு ஒப்பிட்டுச் சோதித்தீர்கள்?