களிமண் அடுக்கும் நிலத்தடி நீர்க் கணக்கும்

கிணறு தோண்டுவோர் களிமண்ணைக் கண்டால் அதனை விரைவில் கடந்து மணலை எட்டவே விரும்புவர். அவர்களுக்கு அஃது ஊற்றில்லாத வீண் மண். ஆயினும் ஒரு பிரதேசத்தில் இன்னும் எத்துணைக் காலம், எவ்வளவு நீர் இறைக்கலாம் எனக் கணிக்கப் புகுவோர்க்கு, நீர் தரும் மணலினும் நீர் தராத இக்களியே பெருஞ் சங்கடம் விளைப்பதாகும்.

இக்கணிப்பு இக்காலத்தில் கணினியின் உதவியால் நடைபெறுகின்றது. பூமியின் உட்பாகத்தைச் சதுரக் கட்டங்களாகவும், மேலிருந்து கீழாக அடுக்குகளாகவும் வகுத்து, ஒரு கட்டத்தினின்று அடுத்த கட்டத்திற்குச் செல்லும் நீரை எண்ணிக்கொண்டு போவதே முறை. மணலில் நீர் பெரும்பாலும் பக்கவாட்டில் ஓடும்; களியிலோ மேலும் கீழுமாக மெல்லக் கசியும். ஆதலின் களிக்கெனத் தனி அடுக்கு வகுக்காமல், இரு மணல் அடுக்குகளின் நடுவே ஒரு தடையாக மட்டும் அதனைக் கொள்வது எளிய வழி. 1984-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை வெளியிட்ட மாட்ஃப்ளோ என்னும் கணக்கு முறை இதற்கு இடந்தந்தது.

உதாரணமாக, களியின் கனம் 20 மீட்டர், அதன் நீர் விடும் திறன் நாளொன்றுக்கு 0.0001 மீட்டர், மேல் கீழ் மணல்களின் நீர்மட்ட வேறுபாடு 10 மீட்டர் என்க. திறனைக் கனத்தால் வகுத்து வேறுபாட்டால் பெருக்கினால், கசிவு நாளொன்றுக்கு 0.05 மில்லிமீட்டர். ஓர் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர். ஒரு பாத்திக்கும் காணாது. ஆனால் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் இதுவே தினம் 50 லட்சம் லிட்டராகும். களியை நீர் புகாத் தளமெனக் கொள்வோர் கணக்கில் இவ்வளவும் விடுபட்டுப் போம்.

நிற்க. களி தடை மட்டுமன்று. நீர்க் களஞ்சியமும் ஆம். அடுத்துள்ள மணலில் அழுத்தம் குறைந்தால், முதற்கண் வருவது அப்பாலிருந்து கசியும் நீரன்று, களி தன்னுள்ளிருந்தே பிழிந்து விடும் நீர். மேற்சொன்ன களி அமுங்கத்தக்க இளங்களியாயின், அதன் நடுப்பாகம் வரை இம்மாறுதல் எட்டுவதற்கு ஏறத்தாழ 1,000 நாட்கள் ஆகலாம். கனம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகும். நீர்மட்டம் மேலும் இறங்காது நின்ற பின்னும் களி வற்றிக்கொண்டேயிருக்கும். வெறுந் தடையாக வைத்த கணக்கில் இது தோன்றாது. ஆகவே, கனத்த களியைப் பல மெல்லிய அடுக்குகளாகப் பிளந்து கணக்கிடுதல் வேண்டும்.

இதன் பயனைக் கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் காணலாம். ஆங்கு கார்க்கரன் களி என்னும் பழைய ஏரிப்படிவு பரந்து கிடக்கின்றது. பாசனத்திற்காக அதன் கீழிருந்து மிகுதியாக நீர் இறைத்தமையால், மென்டோட்டா ஊரருகே 1925 முதல் 1977 வரை நிலம் சுமார் 28 அடி தாழ்ந்தது. வியப்பு யாதெனின், இத்தாழ்வின் பெரும்பகுதி அக்கனத்த களியால் விளைந்ததன்று. அதன் கீழ் மணலிடையே கிடக்கும் எண்ணற்ற மெல்லிய களித்தட்டுகளால் விளைந்தது. மெல்லியவை விரைவில் வடியும் என்ற மேற்கண்ட விதியே காரணம். கால்வாய் நீர் வந்து இறைப்புக் குறைந்தபின் கிணற்று மட்டங்கள் ஏறின. அமுங்கிய நிலமோ எழவில்லை. 2012-ல் தொடங்கிய வறட்சியில் மீண்டும் தாழ்ந்தது.

2009-ல் வெளிவந்த அப்பள்ளத்தாக்கின் கணக்கு மாதிரியில் 10 அடுக்குகள் உள்ளன. அவற்றுள் இரண்டு கார்க்கரன் களிக்கே உரியவை. களி இல்லாத இடங்களில் அவ்வடுக்குகளைப் பெயரளவில் மிக மெல்லியனவாக வைத்துள்ளனர்.

இன்னொரு செய்தி விவசாயிகளை நேரே சார்ந்தது. களியை ஊடுருவி இறக்கி, மேலும் கீழும் துளையிட்ட குழாய்கள் பல்லாயிரம் அங்கு உண்டு. அவற்றின் வழியே இரு மணல்களின் நீரும் கலப்பதால், ஆய்வுக்கூடத்தில் சிறு களித்துண்டைச் சோதித்துப் பெற்ற எண்ணைவிடப் பிரதேசம் முழுதும் களி மிகுதியாகக் கசிவதாகக் கொண்டாலன்றிக் கணக்குப் பொருந்தவில்லை. நம் ஊர்களிலும் ஆழ்குழாய்க் கிணறு இறக்குவோர், களி எத்தனையாவது அடியில் தொடங்கி எத்தனையாவது அடியில் முடிந்தது, குழாயில் துளை எவ்விடத்தில் இட்டது என்பவற்றை எழுதி வாங்கி வைத்தல் நலம். களி நின்ற ஆழத்தில் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமெண்டினால் அடைக்கச் சொன்னால், மேல்நீரின் உப்பும் அழுக்கும் அவ்வழியே கீழிறங்கா.