டீஸல் டிராக்டர் எஞ்சினை வீட்டிலேயே செப்பனிடுதல்

அரியலூர் ஜில்லா ரெட்டிபாளையத்தைப் போன்ற சுண்ணாம்புக்கற் பூமியில், கோடையுழவின்போது எழும் தூசியே டிராக்டருக்கு முதற் சத்துருவாகும். அது உட்புகுந்தால் லைனரையும் பிஸ்டன் ரிங்குகளையும் அரைத்துவிடும்.

1897-ஆம் வருஷம் ஜெர்மனியில் ருடால்ப் டீஸல் வெற்றியுடன் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டினாலேயே எண்ணெய் தீப்பற்றுகிறது. ஆகவே ரிங்கு தேய்ந்து அழுத்தம் கசிந்தால், எஞ்சின் எளிதில் கிளம்பாது, நீலப்புகை கக்கும், ஆயிலும் குறையும். கரும்புகை மட்டும் கண்டால் பிரிக்க அவசரப்படலாகாது. ஏர் கிளீனரையும் நாஸில்களையும் முதலில் பரிசோதிக்க வேண்டும்.

பிரிக்கத் துணிவோர், எஞ்சின் நன்கு ஆறிய பின்பே ஹெட் நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவாகச் சிறிது சிறிதாகத் தளர்த்துக. ஒவ்வொரு பேரிங் மூடியிலும் எண் குறித்துக்கொள்க. மாற்றிப் பூட்டினால் கிராங்கு ஷாஃப்ட் கெடும். புது ரிங்கை லைனருள் நேராக வைத்து, அதன் இடைவெளியைப் பீலர் கேஜினால் அளந்து, எஞ்சினுக்குரிய கைப்புத்தகத்துடன் ஒப்பிடுக. ஹெட்டை மீண்டும் பூட்டுங்கால் நடுவிலிருந்து ஓரமாக, டார்க் ரெஞ்சினால் படிப்படியாக முடுக்குக.

கிராங்கு ஷாஃப்ட் கடைதலும் டீஸல் பம்பைச் சீர்செய்தலும் பட்டறைக்கே உரியன. நாஸில் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பாயுமாதலால், அதன் எதிரே கை நீட்டுதல் பேராபத்து.

இவ்வளவு செய்தும், தூசி புகும் வழியை அடைக்காவிடில் புது ரிங்கும் பழைய கதியையே அடையும். ஆகையால் ஆயில் நிறைத்த ஏர் கிளீனரை உழவுக்காலத்தில் தினந்தோறும் திறந்து பார்த்தல் மிராசுதாரர்களின் கடமையாகும்.